பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல்

என் மருமகள் சாக்ஸபோன் வாசிப்பவள். இன்று இதை இவ்வளவு எளிதாக எழுதிவிடுகிறேன். ஆனால் என் மகன் முதன்முதலில் வந்து சொன்னபோது, "அது சரி, வேலைக்கு எங்க போறா?" என்றுதான் கேட்டேன். அதுதான் அவள் வேலை என்று அவன் சொன்னான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கொள்ளேகால் பக்கத்துப் பெண். அவள் அப்பா கல்யாணங்களிலும் கோவில் விசேஷங்களிலும் வாசிப்பவர். இவள் பத்து வயதிலிருந்து அவரோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறாள். நானும் அந்தப் பக்கம்தான், ராமாபுரம். மைசூருக்கு வந்து முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. நானும் மகனும் மட்டும் இருந்த வீட்டுக்கு அவள் இரண்டு பெட்டியோடு வந்தாள். ஒன்றில் துணி, ஒன்றில் சாக்ஸபோன்.

எங்கள் வீடு ஒரே ஆள் சேர்த்துக் கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்று. நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் கன்னடக்காரத் தம்பதி. பிள்ளைகள் வெளிநாட்டில். இருபது வருடப் பழக்கம் எங்களுக்கு.

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் நடு அறையில் உட்கார்ந்து சரளி வரிசையில் தொடங்கினாள். சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் அலமாரியில் சன்னமாக அதிர்ந்தன. இவ்வளவு சத்தமா இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மேடையில் கேட்பது வேறு, நாலு சுவருக்குள் கேட்பது வேறு. ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா எங்கள் கேட்டருகே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வீட்டுக்காரரைத் தனியே விட்டு வந்திருக்கிறேன் என்றார்.

அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது இரண்டு வருடம். வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிக்கு மேல் போய்விட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அன்று சொன்னார். திடீரென்று சத்தம் கேட்டால் அவருக்கு உடம்பு தூக்கிப் போடுகிறதாம், பிறகு வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருக்கிறாராம். அதற்காகக் குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடிக்கிறார். அழைப்பு மணியைக் கழற்றிவிட்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை நன்றாகத்தான் வாசிக்கிறாள்" என்று கை கூப்பினார். இருபது வருடத்தில் அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பியது அதுதான் முதல் தடவை.

நான் உள்ளே திரும்பியபோது மருமகள் சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நா வாசிக்கலீங்கத்தை. பாவம், நோவுல இருக்கறவரு" என்றாள்.

ஒரு சொல் கூடக் குறை சொல்லவில்லை. நான் இதில் ஒளிக்க வேண்டியதில்லை: எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சொந்தக்காரர்கள் கேட்டால் மருமகள் பாட்டு சொல்லித்தருகிறாள் என்றுதான் அதுவரை சொல்லிவந்தேன். இப்போது வீடும் பழையபடி அமைதியாகிவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடி அது தானாகவே நடந்துவிட்டது.

மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் போவான். ஓரமாக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அவள் பின் சீட்டில் உட்கார்ந்து வாசிப்பாள். இவன் வெளியே நின்றுகொண்டிருப்பான். ஐந்து மாதம் இப்படிப் போனது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார். ஏப்ரல் மாதத்தில் அந்த மூடிய காரிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். நான் மோர் கரைத்துக் கொடுப்பேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

சாம்ராஜநகரில் ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போய்வந்த மறுநாள் அவள் முகம் சரியில்லை. மகனைக் கேட்டேன். கல்யாணி ராகத்தில் வேகமான இடத்தில் விரல் தடுமாறிவிட்டதாம். கேட்டவர்கள் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். அவர் அடுத்த பாட்டைத் தானே வாசிக்க எடுத்துக்கொண்டாராம்.

அந்த வாரமே ஒரு மதியம் தபால் ஆபீசுக்குப் போன நான், அங்கே கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று உடனே திரும்பி வந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்தபோது என் அறையிலிருந்து ஏதோ ஒரு சத்தம். கோணிக்குள் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி போல. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

என் பீரோ திறந்திருந்தது. அதன் முன் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையோடு கம்பளியைப் போர்த்தியிருந்தாள். சாக்ஸபோனின் வாய் என் பட்டுச் சேலைகளுக்கு நடுவே புதைந்திருந்தது. அவ்வளவு துணிக்குள் அவள் ஊதிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வரிசை. திரும்பத் திரும்ப அதையே. அந்தக் கல்யாணியின் இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

நான் நின்றதை எப்படியோ உணர்ந்து கம்பளியை விலக்கினாள். முகம் வெளுத்துவிட்டது.

"சேலைல எச்சி படலீங்கத்தை. துண்டு சுத்தித்தான் வெச்சிருக்கறனுங்க."

வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் வீட்டுக்கு வந்து ஆறு மாதமான பெண், மூச்சு முட்ட ஒரு பீரோவுக்குள் ஊதிக்கொண்டிருந்துவிட்டு, முதலில் என் சேலையைப் பற்றிச் சமாதானம் சொல்கிறாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தன நாளா இப்படி?"

"நீங்க வெளிய போறப்ப மட்டுந்தானுங்க."

"போகாதப்ப?"

சாக்ஸபோனை மடியில் வைத்து, சாவிகளைச் சத்தமில்லாமல் அழுத்திக் காட்டினாள். ஊதாமல், விரலால் மட்டும். மதியங்களில் அவள் அறையில் தூங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அன்று மாலை மகன் வந்ததும், நடு அறையைச் சத்தம் வெளியே போகாத அறையாக மாற்றவேண்டும் என்று சொன்னேன். அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். அந்த அறையில்தான் என் கணவரின் புத்தகங்களும் ராகி மூட்டையும் தேங்காயும் இருந்தன. ஒருநாளும் எதையும் நகர்த்த விட்டதில்லை நான்.

முதலில் அவன் செய்தது முட்டை அட்டை. போனில் பல வீடியோக்கள் பார்த்துவிட்டு, முட்டைக் கடையிலிருந்து கட்டுக்கட்டாக அட்டைகள் வாங்கிவந்து மூவரும் ஒரு ஞாயிறு முழுக்கச் சுவரில் ஒட்டினோம். உள்ளே நின்று கைதட்டினால் எதிரொலியே இல்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், கொஞ்ச நேரம் வாசிக்கிறோம், கேட்கிறதா பாருங்கள் என்று சொல்லிவந்தேன். ஒரு நிமிடம் வாசித்தாள். நான் திரும்பப் போய்க் கேட்டபோது அந்த அம்மா, "ஸ்வல்ப கம்மி" என்றார். கொஞ்சம் குறைச்சல் என்று அர்த்தம். முப்பது வருடம் பிள்ளைகளின் முகம் பார்த்தவள் நான். துளியும் குறையவில்லை என்பது தெரிந்தது. இரண்டு வாரத்தில் அட்டைக்குப் பின்னால் கரப்பான்பூச்சி குடியேறியது. எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தோம்.

பிறகுதான் மண்டி மொஹல்லாவிலிருந்து அந்தத் தச்சர் வந்தார். ஸ்கூட்டர் நுழையவே இடமில்லாத ஒரு சந்தில் பட்டறை வைத்திருப்பவர். வயதில் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவர். முன்பு ஒரு தியேட்டரில் சுவர் வேலை செய்தவர் என்று சொல்லி மகனின் நண்பன் அனுப்பினான். அவர் அறையில் நின்று, எங்கே கொஞ்சம் வாசியுங்கள் என்றார். அவள் மறுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது தூங்கும் நேரம், முடியாது என்றாள். தச்சருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கன்னடமும் உருதுவும் கலந்து அவர் விளக்கியது இதுதான்: முட்டை அட்டை உள்ளே இருக்கும் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. சத்தம் இரண்டு வழியில் போகும். காற்று போகும் சந்து இருந்தால் அதன் வழியே போகும், இல்லாவிட்டால் சுவரையே ஆட்டிவிட்டுப் போகும். ஆகவே பழைய சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளி ஒரு புதுச் சுவர் நிறுத்தவேண்டும். இடையில் ராக் வூல் என்கிற கம்பளி போன்ற பொருளை அடைக்கவேண்டும். மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை. கூரைக்கும் அப்படியே. கதவு கனமாக, சுற்றிலும் ரப்பர் வைத்து. மூச்சுவிடக் காற்று வேண்டுமே என்று கேட்டேன். வளைந்து வளைந்து போகும் ஒரு பெட்டிக்குள் பஞ்சு ஒட்டி, அதன் வழியே காற்று விடலாம், காற்று வளைந்து போகும், சத்தம் வளைவுகளில் களைத்துவிடும் என்றார்.

மகன் உடனே, "அப்ப மண்டேவே ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றான்.

மருமகள்தான், "துளை போடறப்போ சத்தம் வருமுங்களே?" என்றாள்.

யாருக்கும் அது தோன்றவில்லை. சாக்ஸபோன் சத்தத்தை நிறுத்துவதற்காக அதைவிடக் கொடூரமான டிரில்லிங் சத்தத்தை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் போடப்போகிறோம். தச்சர் தாடியைச் சொறிந்தார். பலகை, சட்டம் எல்லாவற்றையும் பட்டறையிலேயே அறுத்துக் கொண்டுவரலாம், ஆனால் தரையிலும் கூரையிலும் துளை போட்டே ஆகவேண்டும் என்றார்.

அவள் அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போனாள். கல்யாணமாகி வந்தபின் அவள் அங்கே போனது அதுதான் முதல்முறை. திரும்பி வந்து விவரம் சொன்னாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவரை ஆட்டோவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறார்கள். போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். துளை போடுவதை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு நாலு மணி நேரம்.

அப்படியானால் இரண்டு மாதம் ஆகும் என்றார் தச்சர். ஆகட்டும் என்றாள்.

அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. செவ்வாய் காலை ஒன்பதரைக்கு ஆட்டோ வந்து நிற்கும். அந்த அம்மா அவரைத் தாங்கி ஏற்றுவார், மருமகள் ஓடிப்போய் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்வாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் உள்ளே டிரில்லிங் மெஷின் தொடங்கும். நான் தச்சருக்கு ஏணியைப் பிடித்துக்கொள்வேன். பதினோரு மணியிலிருந்து அவள் கேட்டில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆட்டோ தெரிந்ததும் உள்ளே ஓடிவந்து, "வந்துட்டாங்க" என்பாள். தச்சர் மெஷினை அப்படியே வைத்துவிடுவார். ஒருமுறை பாதித் துளையில் நிறுத்திவிட்டு வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தார். மற்ற நாட்களில் கையாலேயே திருகாணி முடுக்கினார். ராக் வூல் அடைத்த அன்று மூவருக்கும் கையெல்லாம் அரித்தது.

அறை தயாரானது. சோதித்துப் பார்க்க நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அவருடைய படுக்கையறைக்குள் நான் அதுவரை போனதே இல்லை. அவருக்கு உடம்புக்கு வந்தபின் ஒருமுறை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய் வாசலிலேயே விசாரித்துவிட்டு வந்ததோடு சரி. இப்போது கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய துணி சுற்றியிருந்தது. கதவின் தாழ்ப்பாளில் பஞ்சு. அந்த அம்மா வெறும் காலில் ஓசையில்லாமல் நடந்தார். பேசியது முழுக்கக் குசுகுசுப்பாக. முன்பெல்லாம் இவர் மாடியில் துணி உலர்த்தியபடி எதிர்வீட்டுக்காரியோடு பேசினால் தெருக்கோடிவரை கேட்கும். அவர் தாழ்ந்த குரலில் பேசிப் பழகிவிட்டதை நான் கவனிக்கவே இல்லை.

மகனுக்குப் போனில் தகவல் அனுப்பினேன். சற்று நேரத்தில் மிக மெலிதாக, தூரத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல மோகனம் வந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்தார். பெரியவர் நடுங்கவில்லை. ஆனால் கண்கள் சுவரில் ஒரே இடத்தைப் பார்த்தன. நானும் அங்கே பார்த்தேன். சுவிட்ச் போர்டு. காதை வைத்துக் கேட்டேன். அதற்குள்ளிருந்துதான் வருகிறது.

தச்சர் கழற்றிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சுவிட்ச் பெட்டி, இந்தப் பக்கம் எங்களுடையது. நடுவில் விரல் கனத்துக்குச் சிமெண்டு, அதிலும் விரிசல். ஒயரை வேறு வழியாக எடுத்து எங்கள் பக்கத்துப் பெட்டியை முழுக்க அடைத்தார்.

இரண்டாவது சோதனைக்கு மறுபடியும் அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். தகவல் அனுப்பினேன். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும். இன்னும் தொடங்கவில்லையே என்று அலுத்துப்போய் மகனுக்கு மறுபடி அனுப்பினேன். அவன் பதில் வந்தது: பத்து நிமிஷமா வாசிச்சுக்கிட்டிருக்கா.

போனை அந்த அம்மாவிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வாசிக்கிறாள், பத்து நிமிடமாக வாசிக்கிறாள் என்று காதருகே சொன்னேன். அவர் கணவரைப் பார்த்தார். பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தேன். அந்தக் கனத்த கதவைத் தள்ளித் திறந்தால், சத்தம் முகத்தில் வந்து மோதியது. சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கல்யாணி வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த வேகமான இடம் வந்தது, போனது. தடுமாறவில்லை. நான் அங்கேயே நின்று முழுசாகக் கேட்டேன். என் வீட்டில் அவள் வாசித்து நான் முழுசாகக் கேட்டது அன்றுதான். முடித்துக் கண் திறந்ததும் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "அங்கிள் எப்படி இருக்காருங்க?" என்றுதான்.

"தூங்கறாரு சாமி" என்றேன்.

அவள் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கழுத்தெல்லாம் வியர்வை.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம் அந்த அம்மா வந்தார். இந்தமுறை உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கன்னடத்தில் கேட்டார். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்த அறைக்குள்ளே நான் சத்தம் போட்டால் அவருக்குக் கேட்காதல்லவா?"

கேட்காது என்றேன்.

"அரைமணி நேரம் அங்கே இருந்துகொள்ளட்டுமா?"

நான் எதற்கு என்று கேட்கவில்லை. மருமகள் அவரை அழைத்துப்போய் விளக்கு போட்டு, மின்விசிறி சுவிட்சைக் காட்டி, கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நான் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் விழித்துக்கொண்டு, "எல்லி?" என்றார். எங்கே என்று கேட்கிறார். பக்கத்தில்தான் இருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள விட்டார்.

அரைமணி கழித்து அந்த அம்மா வந்தார். முகம் கழுவியிருந்தார், மூக்கு சிவந்திருந்தது. தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் குடித்துவிட்டுக் கணவருக்குத் தலையணையைச் சரிசெய்தார். உள்ளே அழுதாரா, கத்தினாரா, யாரையாவது திட்டினாரா, எங்களுக்குத் தெரியாது. நானும் மருமகளும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அதிலிருந்து வியாழன் மதியம் அறை அவருக்கு. மருமகள் தன் சாதகத்தை மூன்று மணிக்கு முன்பே முடித்து, பாயைத் தட்டிப் போட்டு, ஒரு சொம்பு தண்ணீரும் வைத்துவிடுவாள். நான் பெரியவரோடு இருப்பேன். ஆரஞ்சு உரித்துச் சுளையில் கொட்டை எடுத்து ஊட்டுவேன். ஒருநாள் அவர் என் கையிலிருந்து ஒரு சுளையை வாங்கி என்னிடமே நீட்டினார். சாப்பிட்டேன்.

போன மாதம் ஒரு வியாழன், அரைமணி ஆகியும் அந்த அம்மா வரவில்லை. ஒரு மணி நேரமும் ஆனது. எனக்குக் கவலையாகி எழுந்து போகலாமா என்று நினைக்கும்போது வந்தார். அன்று முகம் கழுவியிருக்கவில்லை. சாதாரணமாக, கொஞ்சம் களைத்தவராக இருந்தார்.

வீட்டுக்கு வந்து மருமகளைக் கேட்டேன். அவள் காபி கலந்துகொண்டே சொன்னாள்.

"ஆன்ட்டி என்னையும் உள்ள கூப்பிட்டாங்க. ஒன்னால எவ்வளவு சத்தமா ஊத முடியுமோ அவ்வளவு சத்தமா ஊது, நா கேக்கோணும்னாங்க."

"ஊதினியா?"

"ஊதினனுங்க. மொதல்ல பயந்து பயந்துதான் ஊதினேன். இன்னும், இன்னும்னு கையக் காட்டினாங்க. அப்பறம் விட்டுட்டேன். கல்யாண ஊர்வலத்துல ஊதற மாதிரி."

"காதப் பொத்திக்கிட்டாங்களா?"

"இல்லீங்கத்தை. கண்ண மூடிட்டு, சுவத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தாங்க. முடிச்சதும், இன்னொண்ணுன்னாங்க."

அவள் எனக்கு டம்ளரை நீட்டினாள். உதடு வீங்கியிருந்தது. அன்று நாலு பாட்டு வாசித்ததாகச் சொன்னாள். அடுத்த வியாழன் எதை வாசிக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். எனக்கு ராகம் பெயர் இரண்டு மூன்றுதான் தெரியும். தெரிந்ததில் ஒன்றைச் சொன்னேன்.